நேர்முகத்தில் கண்ணைப் பார்த்துப் பேசாதவரை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:
பல நாட்டு விண்ணப்பதாரர்களைக் காணொளி வழியாக நேர்முகம் காணும் குழுவில் இருக்கிறேன். எங்கள் மதிப்பெண் தாளில் 'கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா' என்றொரு கட்டம் உண்டு. அதில் மதிப்பெண் குறைந்தால், அவர் தன்னம்பிக்கை அற்றவர், எதையோ மறைக்கிறார் என்றுகூடப் பேசப்படுகிறது. பார்வையைத் தாழ்த்துவதே மரியாதை என்று வளர்க்கப்பட்டவருக்கு இது பாதகமாகாதா?

மறுமொழி 1:
பாதகம்தான். பின்லாந்தினரையும் ஜப்பானியரையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆய்வொன்றில், தம்மை நேராகப் பார்க்கும் முகத்தில் பின்லாந்தினரைவிட ஜப்பானியர் அதிகக் கோபத்தைக் கண்டனர். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பலரிடையே பெரியவரை உற்றுப் பார்ப்பது மரியாதைக் குறைவு. மெக்சிகோவில் செல்தால் மொழி பேசுவோரோ, முகத்தை அதிகம் பார்க்காமல், எதிரில் இருப்பவர் சொன்னதில் ஒரு பகுதியைத் திருப்பிச் சொல்லியே தாம் கவனிப்பதை உணர்த்துகிறார்கள்.

மறுமொழி 2:
'மறைக்கிறார்' என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பொய்யரை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்டபோது, 'கண்ணைப் பார்க்கமாட்டார்' என்பதே மிகுதியாகக் கிடைத்த விடை; ஆனால் பொய் பேசுவோரை நேரடியாக ஆராய்ந்தவர்கள், பார்வை விலகலுக்கும் பொய்க்கும் நம்பத்தக்க தொடர்பு எதையும் காணவில்லை. கடினமான கேள்வி கேட்டால் பலருடைய பார்வையும் விலகிப் போகும், ஏனெனில் எதிரிலுள்ள முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசிப்பது மனத்துக்குக் கூடுதல் சுமை. ஆய்வாளர் ஆடம் கெண்டன் 1967-இலேயே ஆங்கில உரையாடல்களில் இதைக் கவனித்தார்: நீளமாகப் பேசத் தொடங்குபவர் பார்வையை விலக்கிக்கொள்கிறார், முடிக்கும் தறுவாயில் மீண்டும் நோக்கி, பேசும் முறையை மற்றவரிடம் ஒப்படைக்கிறார். ஆகவே, நேர்முகத்தில் நெடுநேரம் பேசவேண்டியவரிடம், கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எளிதான பார்வையை எதிர்பார்ப்பது நியாயமன்று.

மறுமொழி 3:
இருவரோடும் உடன்படுகிறேன், ஓர் எச்சரிக்கையோடு: 'இவர் இன்ன நாட்டவர், ஆகவே பார்க்கமாட்டார்' என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதும் தவறு. ஆட்டிசம் உள்ளவர் எந்த நாட்டிலும் இருப்பார், அவருக்கு நேர்ப்பார்வை வேதனையாகவே இருக்கக்கூடும். மேலும், உங்கள் நேர்முகம் காணொளியில் நடக்கிறது. கேமரா பெரும்பாலும் திரைக்கு மேலே இருப்பதால், திரையில் உங்கள் கண்களையே பார்ப்பவர், கீழே பார்ப்பவராக உங்களுக்குத் தோன்றுவார். உங்கள் முகத்தை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்ப்பவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும்!

கேள்வி கேட்டவர்:
கேமராவைப் பற்றி எங்கள் குழுவில் ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டு, 'கேட்டதைப் புரிந்துகொண்டு விடையளித்தாரா' என்று மாற்றுமாறு எழுதித் தரப்போகிறேன்.