ஸ்கொயர் லெக்கில் நின்றவர் ஏன் கையை நீட்டவில்லை?

வெள்ளைக்கோட்டு:
நேற்று ‘ஆறுபந்து’ இங்கே, நடுவர்கள் பேசும் இந்த மன்றத்தில், எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொன்னது இது: “சக நடுவரின் முடிவைப் பற்றி மைதானத்திலும் சரி, இணையத்திலும் சரி, வாயைத் திறக்காதவன்தான் மரியாதை தெரிந்த நடுவர். 1995 மெல்போர்ன் கிரிக்கெட் டெஸ்டில் நடுவர் ஸ்டீவ் டன் அப்படித்தான் நின்றார். பார்ட்னரைக் காட்டிக்கொடுக்கவில்லை.”

யாரிடம் கதை விடுகிறீர்கள்? டிசம்பர் 26, 1995, ஆஸ்திரேலியா–இலங்கை ஆட்டம். பந்துவீச்சு முனையில் நின்ற நடுவர் டாரல் ஹேர், இலங்கையின் முரளிதரன் முழங்கையை மடக்கி விரித்து, விதிக்கு மாறாகப் பந்தை எறிகிறார் என்று மூன்று ஓவரில் ஏழு முறை நோ பால் கொடுத்தார். கை மடங்கி விரிகிறதா என்று பார்க்கத் தோதான இடம், பேட்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும் ஸ்கொயர் லெக். அங்கே நின்றவர்தான் உங்கள் டன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அவர் நோ பால் என்று கையை நீட்டவில்லை. பிறகு முரளி முனை மாறி டன் பக்கமிருந்து போட்டார். அப்போதும் நோ பால் இல்லை. இதுவா பார்ட்னருக்குத் துணை நிற்பது? அத்தனை கூட்டத்துக்கு முன்னால் ஹேரைத் தனியாளாக நிற்க வைத்ததுதான் நடந்தது.

ஆறுபந்து:
வணக்கம் சார். டன் ஓடிப்போய் ஹேரைத் தடுத்தாரா? “ஏம்ப்பா இப்படிப் பண்றே” என்று நடுப் பிட்சில் கேட்டாரா? இல்லையே. அவர் பாட்டுக்கு அவர் வேலையைப் பார்த்தார். அதைத்தான் மரியாதை என்றேன். உங்களுக்குப் புரியாதது ஆச்சரியமில்லை.

வெள்ளைக்கோட்டு:
அவர் வேலையே அதுதானய்யா! அப்போதைய விதியைப் படியுங்கள். பந்து நியாயமாக வீசப்படவில்லை என்று இரண்டு நடுவரில் யாருக்குத் தோன்றினாலும் நோ பால் கொடுக்கலாம். டன்னுக்குத் தோன்றியிருந்தால் கொடுத்திருக்க வேண்டும். தோன்றவில்லை என்றால் ‘என் பார்ட்னர் சொல்வது தப்பு’ என்று வாயைத் திறக்காமலே சொல்லிவிட்டார். இரண்டில் எதுவானாலும் உங்கள் உதாரணம் உங்கள் காலைத்தான் வாருகிறது.

பெயில்ஸ்:
ஹலோ, என்ன நடக்குது இங்க? ஹேருக்கு வக்காலத்தா? எங்க முரளி 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த மனுஷன். பிறவியிலேயே முழுசா நிமிராத முழங்கை அது. பிறகு உலகக் கிரிக்கெட் அமைப்பு ஐசிசியே பந்துவீச்சாளர்களை அளந்து பார்த்து, முழங்கை 15 டிகிரி வரைக்கும் விரிஞ்சா ஓகேன்னு விதியை மாத்தலையா? டன் நோ பால் கொடுக்கலைன்னா அவருக்குக் கண்ணு நல்லா தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். கேஸ் க்ளோஸ்.

வெள்ளைக்கோட்டு:
தம்பி, முரளியின் முழங்கையைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. ஸ்கொயர் லெக்கில் நின்றவர் கையை நீட்டவில்லை. பேச்சு அது ஒன்றுதான்.

பெயில்ஸ்:
முழங்கை இல்லாம அந்த நோ பாலே கிடையாது சார். தமிழன் விக்கெட் எடுத்தா மட்டும் எல்லாருக்கும் கோணமானி ஞாபகம் வந்துடும்.

விசில்:
கால்பந்து ரெஃப்ரியாக ஒரு வார்த்தை. 2006 உலகக் கோப்பை, ஸ்டுட்கார்ட், குரோஷியா–ஆஸ்திரேலியா. நடுவர் கிரஹாம் போல், குரோஷியாவின் சிமுனிச் என்ற ஒரே ஆட்டக்காரருக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவதுக்கே சிமுனிச் வெளியே போயிருக்க வேண்டும். இரண்டு துணை நடுவர்கள், ஒரு நான்காவது நடுவர், ஒருத்தரும் தடுக்கவில்லை. ‘பார்ட்னர் முடிவில் தலையிடாதே’ என்பதை இந்த அளவுக்குக் கொண்டுபோனால் கடைசியில் ஒரு மனிதனின் பெயர்தான் நாறும். கிரஹாம் போலின் பெயர் நாறியது.

ஆறுபந்து:
கால்பந்தை இங்கே இழுக்க வேண்டாம். அது வேறு விளையாட்டு, வேறு ஒழுக்கம். நடுவரைச் சுற்றி எட்டுப் பேர் நின்று கத்துவதைப் பார்த்துப் பழகினவர்கள் எங்களுக்கு மரியாதை சொல்லித்தர வேண்டியதில்லை.

விசில்:
எங்களைக் கத்துவது மட்டும் இல்லை, அடிக்கவும் செய்கிறார்கள். 2023 டிசம்பரில் துருக்கியில் ஒரு கிளப்பின் தலைவரே மைதானத்துக்குள் வந்து ரெஃப்ரி முகத்தில் குத்தினார். ஸ்வீடன் ரெஃப்ரி ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க் 2005-இல் மிரட்டல் தாங்காமல் விசிலையே கீழே வைத்தார். வெளியிலிருந்து இவ்வளவு வருகிறது. அதனால்தான் நமக்குள் ஒழுங்காகப் பேசிக்கொள்ள வேண்டும் என்கிறேன். அதைப் போய் இளக்காரம் செய்கிறீர்கள்.

வெள்ளைக்கோட்டு:
விசில் சொல்வது சரி. ஆனால் டன் விஷயத்துக்கு வாருங்கள்.

ஆறுபந்து:
வருகிறேன். 2006 ஓவல், இங்கிலாந்து–பாகிஸ்தான் டெஸ்ட். அதே ஹேர். பந்தைச் சேதப்படுத்தினார்கள் என்று பாகிஸ்தானுக்கு ஐந்து ரன் அபராதம். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பாகிஸ்தான் வரவில்லை. ஹேரும் சக நடுவர் பில்லி டாக்ட்ரோவும் சேர்ந்தே ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸை எடுத்து ஆட்டத்தை முடித்தார்கள். டாக்ட்ரோவ் ‘எனக்குச் சம்பந்தமில்லை’ என்று நழுவவில்லை. அது மரியாதையா இல்லையா?

வெள்ளைக்கோட்டு:
அதையே நான் சொல்ல வந்தேன், எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. டாக்ட்ரோவ் பக்கத்தில் நின்று கையோடு கை கொடுத்தார். டன் கையையே நீட்டவில்லை. அப்புறம், ஓவலில் இரண்டு பேர் எடுத்த முடிவுக்கு ஒதுக்கப்பட்டவர் ஹேர் மட்டும்தான். ஐசிசி அந்த ஆட்டத்தை 2008-இல் டிரா என்றது, 2009-இல் மறுபடி இங்கிலாந்து வென்றது என்றது. நடுவர்களை நியமிப்பவர்களே இப்படிப் பல்டி அடித்தால், களத்தில் நிற்கும் நடுவரை ஆட்டக்காரன் எங்கே மதிப்பான்?

மிட்விக்கெட்:
ஒரு சின்னத் திருத்தம். நோ பாலுக்குக் கையை ‘நீட்டுவது’ என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது. ஒரு கை, பக்கவாட்டில், தோள் உயரத்துக்கு. இரண்டு கையையும் நீட்டினால் வைடு.

வெள்ளைக்கோட்டு:
மிகவும் நன்றி. இருபத்திரண்டு வருஷமாக நடுவராக நிற்கிறேன், இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மிட்விக்கெட்:
கிண்டல் வேண்டாம் சார். மரியாதை பற்றிய விவாதம் என்று போட்டிருக்கிறது.

வெள்ளைக்கோட்டு:
மரியாதை என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘பொதுவெளியில் வாயைத் திறக்காதவன்’ என்று உபதேசம் செய்யும் ஆறுபந்து அவர்களே, இரண்டு வருஷத்துக்கு முன் நான் கொடுத்த ஒரு எல்பிடபிள்யூவை யாரோ வீடியோவாக வெட்டி, பேட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, நம் குழுவில் பகிர்ந்தார்கள். பந்து முதலில் பேட்டின் உள்விளிம்பில் பட்டதாம், அப்படியானால் அவுட் இல்லை. பட்டிருக்கலாம், காற்று அடித்துக்கொண்டிருந்தது, எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு சிரிப்புப் பொம்மை இருந்தது. யார் போட்டது?

ஆறுபந்து:
கை தவறிப் பட்டது.

வெள்ளைக்கோட்டு:
நாலு நாள் அப்படியே இருந்தது.

ஆறுபந்து:
நான் கவனிக்கவில்லை. அதோடு, நான் வாயைத் திறக்கவில்லையே. பொம்மை வார்த்தை ஆகாது.

பெயில்ஸ்:
சிரிப்புப் பொம்மை விஷயத்துல மட்டும் நான் வெள்ளைக்கோட்டு சார் பக்கம். முரளி விஷயத்துல இல்ல.

கிளிக்கர்:
நான் புதுசு, ஒன்று சொல்லலாமா? அது என் மூன்றாவது ஆட்டம். பெரியவர் ஒருத்தர் பந்துவீச்சு முனையில், நான் ஸ்கொயர் லெக்கில். நாலு பந்து முடிந்ததும் வழக்கம்போல், இன்னும் இரண்டு பந்து என்று, போட்டிருந்த கோட்டின் மேல் இரண்டு விரலை வைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறாவது பந்து முடிந்ததும் இரண்டடி முன்னால் வந்தேன். அவர் கட்டை விரல், பந்து எண்ணும் கிளிக்கரை அழுத்தவே இல்லை, எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏழாவது பந்து போனது. சிக்ஸர். நடுவர் எண்ணியதுதான் ஓவர் என்பது விதி, அதனால் ரன் நின்றுவிட்டது. ஃபீல்டிங் கேப்டன் கோபமாக வந்தபோது அவர் சொன்னது: “அந்தப் பொண்ணு எண்ணலை.” ராத்திரி குழுவில் எழுதியது: “புதுசா வர்றவங்க முதல்ல ஆறு வரைக்கும் எண்ணக் கத்துக்கணும்.” பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. நான் பதில் எழுதவில்லை. அது மரியாதையா, பயமா என்று இன்னும் தெரியவில்லை.

விசில்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அம்மா. நீங்கள் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஆறுபந்து:
பெரியவர்களுக்கு வயசு, வெயில் எல்லாம் இருக்கும். கிளிக்கர் பேசாமல் இருந்ததுதான் பண்பு. நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கிளிக்கர்:
சார், நான் உங்களுக்கு உதாரணமாக இதை எழுதவில்லை.

வெள்ளைக்கோட்டு:
பாருங்கள், இந்தப் பெண்ணும் ஸ்கொயர் லெக்தான். ஆனால் கை காட்டியிருக்கிறார்! இரண்டு விரல் காட்டினார், முன்னால் வந்தார். டன் என்ன காட்டினார்?

கிளிக்கர்:
வெள்ளைக்கோட்டு சார், ஒரு சந்தேகம். இருபத்திரண்டு வருஷம் என்றீர்களே, போன மழைக்காலத்துக்கு முந்தின லீக் ஆட்டங்களில் நீங்கள் நின்றீர்களா?

வெள்ளைக்கோட்டு:
எத்தனையோ ஆட்டத்தில் நின்றிருக்கிறேன். எல்லாம் நினைவில் இருக்குமா? பேச்சை மாற்ற வேண்டாம். 1995-இல் ஸ்கொயர் லெக்கில் நின்றவர்…

பெயில்ஸ்:
ஐயோ! சார், 1995-ல நடந்த ஏழு நோ பால் ஞாபகம் இருக்கு, போன வருஷத்து ஏழாவது பந்து ஞாபகம் இல்லையா?

ஆறுபந்து:
இதற்குச் சிரிப்புப் பொம்மை போடலாமா, அல்லது அனுமதி வாங்க வேண்டுமா?

வெள்ளைக்கோட்டு:
போடுங்கள். இந்தத் தடவை கை தவறி என்று சொல்லாமல் போடுங்கள். அப்புறம் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. டன் ஏன் கையை நீட்டவில்லை?

மிட்விக்கெட்:
பக்கவாட்டில்.