வில்லா சவோய்: சரிவுப்பாதையில் ஏறிப் பாருங்கள்

பாரிசுக்கு அருகே புவாசியில், கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே சவோய் குடும்பத்துக்காக வடிவமைத்த வீடு இது. போன அக்டோபரில் போயிருந்தேன். பாரிசிலிருந்து ஆர்.இ.ஆர். ஏ புறநகர் ரயிலில் புவாசி; அங்கிருந்து மேட்டில் ஏறி நடை. வாசலில் தோட்டக்காரருக்கென்று கட்டிய குட்டி வீடு. அதைத் தாண்டி மரங்கள் விலகியதும், புல்வெளி நடுவே மெல்லிய தூண்கள்மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. படத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான், ஆனாலும் அப்படியே நின்றுவிட்டேன்.

கீழ்த்தளச் சுவருக்குக் கரும்பச்சை அடித்திருக்கிறார்கள். அது மரங்களோடு கலந்துவிட, மாடி மட்டும் மிதக்கிறது. பாரிசிலிருந்து வரும் கார் தூண்களுக்கிடையே நுழைந்து வீட்டைச் சுற்றித் திரும்ப வேண்டும்; அந்தத் திருப்பத்தை வைத்தே லெ கொர்பூசியே கீழ்த்தளத்தை வளைத்தார். உள்ளே நுழைந்ததும் கூடத்திலேயே, மறைப்பில்லாமல், கை கழுவும் தொட்டி. வெளியே போய் வந்தால் கைகால் கழுவிவிட்டு வா என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது உடனே பிடித்துப்போனது.

மாடிக்குப் போக ஒரு சரிவுப்பாதை; பக்கத்திலேயே சுழல் படியும் உண்டு. நீங்கள் சரிவுப்பாதையிலேயே ஏறுங்கள். காலடியைப் பார்க்க வேண்டியதில்லை, கண் தன் போக்கில் திரியும். சன்னலுக்கு அப்பால் மாடித் தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் பாதை வெளியே வந்து, திரும்பி, கூரைக்குப் போகிறது. முடிகிற இடத்தில் சுவரில் ஒரு செவ்வகத் திறப்பு, கண்ணாடி கிடையாது. அதற்குள் மரங்களும் வானமும். இவ்வளவு நேரம் நம்மை நடத்திக் கூட்டிவந்தது இதற்குத்தான் என்று அங்கே நிற்கும்போது புரிந்தது.

தூறல் விழ ஆரம்பித்தது. திருமதி சவோயை நினைத்துக்கொண்டேன். 1931இல் முடிந்த வீடு, கூரை ஒழுகியது. கூடத்தில் ஒழுகுகிறது, சரிவுப்பாதையில் ஒழுகுகிறது, கராஜ் சுவர் ஊறிப்போய்விட்டது என்று 1936இல் கட்டடக்கலைஞருக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவு அழகான வீட்டில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிப்பது எவ்வளவு வேதனை! போர் வந்ததும் குடும்பம் வெளியேறியது. முதலில் ஜெர்மன் படை, பிறகு அமெரிக்கப் படை தங்கியது. பள்ளிக்கூடம் கட்ட இடிக்கவும் பார்த்தார்கள். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் பிழைத்தது. 1965இல் நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில், சண்டிகரில் லெ கொர்பூசியே வடிவமைத்த, சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ள கேபிடல் வளாகத்தோடு இதுவும் சேர்ந்தது.

இறங்கும்போது வேண்டுமென்றே சுழல் படியில் இறங்கினேன். கைப்பிடியும் அடுத்த படியும்தான் தெரிந்தன. தோட்டம் கண்ணில் படுவதற்குள் தரை வந்துவிட்டது. திரும்பவும் சரிவுப்பாதையில் ஏறினேன்.