சந்திரலேகாவின் தாக்கம் இன்றைய நடனத்தில் எங்கே இருக்கிறது?

ஈசூன்வாசி:
ஏழு வயதிலிருந்து பரதம் கற்கிறேன், அரங்கேற்றமும் ஆகிவிட்டது. போன மாதம் இங்கே சிங்கப்பூரில் ஒரு தற்கால நடன வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் பரத நிலை) உட்கார வைத்து, தாளம், பாட்டு எதுவும் இல்லாமல் மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். தொடை நடுங்கிவிட்டது. "இது சந்திரலேகா வழி" என்றார் ஆசிரியர். 2006இல் மறைந்த சென்னை நடனக் கலைஞர் இந்த வகுப்புக்குள் எப்படி வந்தார்? அவர் படைப்புகளைப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

தோபாயோ அக்கா:
தங்கச்சி, கல்யாணமாகி சிங்கப்பூர் வருவதற்கு முன் நான் சென்னை பெசன்ட் நகரில் இருந்தேன். எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய அவர் வீட்டு வளாகத்திலேயே ஓர் அரங்கம் உண்டு. அவருடைய 'சரீரா' என்ற நடனப் படைப்பை அங்கேதான் பார்த்தேன். ஒரு பெண், ஒரு ஆண், துருபத் என்ற பழைய இந்துஸ்தானி இசை, அவ்வளவுதான். கதையும் கிடையாது, சாமியும் கிடையாது. அந்தப் பெண்ணின் கால் தரையிலிருந்து மெல்ல மெல்ல எழுந்த நிதானத்தை என்னவென்று சொல்வது! எப்போது எழுந்தது என்றே தெரியவில்லை, பார்த்தால் மேலே இருக்கிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையின் மாணவி. 1952இல் அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிதிக்காக. மேடையில் யமுனை நீர் விளையாட்டை அபிநயிக்கும்போது, பத்திரிகையில் பார்த்த வெடித்த நிலம் கண்முன் வந்து நின்றதாம். வெளியே தண்ணீருக்குத் தவிக்கிறார்கள், மேடையில் வெள்ளமா என்ற அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. 1985இல் 'அங்கிகா' என்ற படைப்பில் பரதம், களரி என்ற கேரளத் தற்காப்புக் கலை, யோகா மூன்றையும் ஒரே முதுகெலும்பில் நிறுத்தினார்.

இப்போது பலர் நாலு களரி உதை சேர்த்துவிட்டு அவர் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் விட்டுப்போனது கலவை அல்ல. உடம்புக்கே சொல்ல ஏதோ இருக்கிறது, அலங்காரத்தை விலக்கி அதைக் கேள் என்பதுதான். உங்கள் ஆசிரியர் சரியாகத்தான் ஆரம்பித்திருக்கிறார்.

தேக்கா ரசிகர்:
அக்கா சொன்னது சரி. ஆனால் புதுமை எல்லாம் சென்னையிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. சிங்கப்பூர் நடனக் கலைஞர் சாந்தா பாஸ்கர் 1958லேயே சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையை இங்கே பரதத்தில் அமைத்தார். அவரையும் படியுங்கள், தம்பி தங்கைகளே.

ஈசூன்வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. நேற்றிரவு கூடத்து விளக்கை அணைத்துவிட்டு அரைமண்டியில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். நாற்பதாவது மூச்சில் இடுப்பு தானாக இறங்கியது. பன்னிரண்டு வருடமாக டீச்சர் சொல்லிச் சொல்லியும் இறங்காத இடுப்பு.