லண்டன் தமிழ்ப் பாட்டுக்காரி எம்.ஐ.ஏ.வைக் கேட்டு வளர்ந்த ஆக்கள்: மறக்கேலாத ஒரு சம்பவம் இருந்தா எழுதுங்கோ

ஸ்காபரோ_பெட்டை
நானே தொடங்கிறன். 2008, அவவின்ர 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக் கேக்காத இடமில்லை, அமெரிக்க பில்போர்ட் பட்டியலில 4ஆம் இடம் வரைக்கும் போனது. பஸ்ஸில கோரஸ் வந்தா பெடியள் எல்லாம் கையால துவக்குச் சூடு, பிறகு கல்லாப்பெட்டிச் சத்தம். எங்கட வீட்டில அது ஹெட்போனுக்குள்ள மட்டும்தான். ஒருநாள் வயர் கழண்டுபோச்சு. வெடிச்சத்தம் குசினிக்குப் போக, மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியோட அப்பிடியே நிண்டுட்டா. "பாட்டம்மா, வெறும் பாட்டு!" எண்டு கத்துறன். ஆர் பாடுறது எண்டு கேட்டா. அருள்பிரகாசம் எண்டு ஒரு தமிழ்ப் பெட்டை எண்டன். பைப்பை மூடிப்போட்டு வந்து, "ஈரோஸ் அருளரின்ர மகளோ?" எண்டா.

ஈரோஸ் எண்டா ஒரு ஈழத்தமிழ் இயக்கம் எண்டே எனக்கு அப்ப தெரியாது. ஊரைப் பற்றி வாயே திறக்காத மனுசி, அண்டைக்கு மீனை அப்பிடியே விட்டுட்டு இருட்டும் வரைக்கும் கதைச்சா. இப்ப என்ர மகள் போனில பீட் போட்டுக்கொண்டு திரியிறாள், அது வேற கதை.

மிட்சம்_வாசி
லண்டன் மிட்சத்தில எம்.ஐ.ஏ. வளர்ந்த ஃபிப்ஸ் பிரிட்ஜ் எஸ்டேட்டுக்குக் கிட்டத்தான் நாங்களும். ஆளை ஒருக்காலும் கண்டதில்லை. நான் சொல்ல வந்தது அவவின்ர ரசிகை ஒருத்தியைப் பற்றி.

2009 ஏப்ரல், லண்டன் பார்லிமென்ட் ஸ்குவேர். வன்னியில சண்டையை நிப்பாட்டச் சொல்லி நாங்கள் ஆர்ப்பாட்டம் செய்த நாட்கள், உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, கண்ணைக் குத்துற பச்சையில லெக்கிங்ஸ், எம்.ஐ.ஏ.வின்ர 'கலா' ஆல்பத்தின்ர அட்டைப்படம் போட்ட டீ-ஷர்ட். நேர என்னட்ட வந்து, எம்.ஐ.ஏ. டிவியில சொன்னது இதைத்தானா எண்டு கேட்டாள். ஓம் எண்டன். எந்த இடம் எண்டாள். நோட்டீஸின்ர பின்பக்கத்தில பேனையால கீறிக் காட்டினன்: இது கிளிநொச்சி, இது புதுக்குடியிருப்பு, இந்தக் கடற்கரையிலதான் சனம் எல்லாம். பாத்தாள். பிறகு கடலுக்கு அங்கால என்ன இருக்கு, வள்ளத்தில வந்து ஏத்தேலாதா எண்டாள். நான் என்னத்தைச் சொல்ல? நோட்டீஸை மடிச்சு பர்ஸுக்குள்ள வைச்சவள், கடைசி பஸ் வரைக்கும் பதாகையின்ர ஒரு முனையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

மதுரை_உறுமி
எங்க சித்தப்பா உறுமி வாசிப்பார். கோயில் கொடை, சாவு வீடு, ரெண்டுக்கும் போவார். எம்.ஐ.ஏ.வோட 'பேர்ட் ஃப்ளூ' பாட்டுல உறுமி வருதுன்னு கேள்விப்பட்டு அவர் காதுல இயர்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கிட்டு, வளைஞ்ச குச்சி தேய்க்கிற கையை மட்டும் தொடையில இழுத்து இழுத்துப் பாத்தார். முழுசாக் கேட்டுட்டு, "அடி நல்லாருக்கு, இழுப்பு பத்தல"ன்னார். அப்புறம், "வாசிச்ச பசங்க பேரு போட்டிருக்காங்களா?"ன்னு கேட்டார். போன்ல ஓடுற பாட்டுல அதெல்லாம் எங்க தெரியும்! இப்பவும் அந்தப் பாட்டு வந்தா எனக்கு அந்தக் கேள்விதான் முதல்ல ஞாபகம் வருது.

நேர்ப்பேச்சு
மன்னிக்கோணும், கொஞ்சம் ஓவராப் போகுது. மிட்சம் அண்ணை, புலிப் படத்தையும் கலரையும் போட்டு எங்கட சாவை ஃபேஷன் ஆக்கினது ஆர்? 2012 சூப்பர் பவுலில மடோனாவுக்குப் பக்கத்தில நிண்டு நடுவிரல் காட்டினா. அந்தப் போட்டியை நடத்துற அமெரிக்க ஃபுட்போல் லீக் என்.எஃப்.எல். 16.6 மில்லியன் டொலர் கேட்டு இழுத்தது. அதால வன்னியில ஒரு பிள்ளைக்காவது ஒரு கொப்பி கிடைச்சதோ? பாட்டு நல்லது, இல்லையெண்டேல்ல. அதுக்காகக் கோயில் கட்டாதேங்கோ.

ஒலிக்கூடம்
நான் எம்.ஐ.ஏ.வை ஒரு முறை மேடையில் பார்த்தேன், கூட்டத்தில் தூரத்தில். அவ்வளவுதான். ஸ்காபரோ அக்கா, உங்கள் மகளைப் பற்றிச் சொல்கிறேன். போனில் பீட் போட விடாதீர்கள். விரலுக்கு ஒரு பட்டன் வேண்டும். மாயா, அதாவது எம்.ஐ.ஏ., முதல் டெமோ செய்தது ரோலண்ட் எம்.சி. 505 என்ற, பீட் போடும் ஒரே பெட்டியில், அதுவும் இரவல். 2005இல் வந்த 'அருளர்' ஆல்பத்துக்கு அடித்தளமே அதுதான். அவர் பாடகியாகப் பழகியவரும் இல்லை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தது சினிமா. ஆகவே மகளைப் பாட்டு வகுப்பில் சேர்க்க அவசரப்படாதீர்கள். பழைய ட்ரம் மெஷின் ஒன்று வாங்குங்கள், ஆனால் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபிறகு மட்டும் காசு கொடுங்கள். அடாப்டர் ஒரிஜினலா என்று கேளுங்கள். ஹெட்போன் மூடியவகை நல்லது. முதலில் நான்கு தட்டு, அதன்மேல் ஒரு சத்தம், அதன்மேல் குரல். மெலடி பிறகு பார்க்கலாம். தினமும் கொஞ்ச நேரம், ஹோம்வொர்க்குக்குப் பிறகு. சொந்தக் குரலைக் கேட்க முதலில் கூச்சமாக இருக்கும், அழித்துவிட விடாதீர்கள்.

மிட்சம்_வாசி
நேர்ப்பேச்சு தம்பி, நடுவிரலுக்கு நான் வக்காலத்து வாங்கேல்ல. ஆனா 2009 ஜனவரியில, செல்லடி நடந்துகொண்டிருக்கேக்க, அமெரிக்க டிவியில பேட்டி எடுக்கிற டாவிஸ் ஸ்மைலிக்கு முன்னால இருந்து எங்கட சனம் சாகுது எண்டு சொன்னவ. நிறைமாத வயிறோட. அடுத்த மாசம் அதே வயிறோடதான் கிராமி மேடையில ஏறினவ. அந்த நேரம் உலகம் முழுக்கத் தெரிஞ்ச வேற எந்தப் பாட்டுக்காரர் வன்னி எண்டு வாய் திறந்தவர், சொல்லும் பாப்பம். கொப்பிக் கணக்கைப் பிறகு பாப்பம்.

நேர்ப்பேச்சு
அந்தப் பேட்டியை நானும் பாத்தனான். அது சரி. மற்றதில மாற்றமில்லை.

ஸ்காபரோ_பெட்டை
ஒலிக்கூடம், நான் எங்க மெஷின் கேட்டனான்? சரி, அடாப்டர் விசயம் எழுதி வைச்சிட்டன். மதுரைத் தம்பி, மகள் பக்கத்தில இருந்து கேக்கிறாள், வேற எந்தப் பாட்டில உறுமி வருது?

மதுரை_உறுமி
'பாய்ஸ்' போட்டுப் பாருங்கக்கா. சவுண்டைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டிருவாங்க.