எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள்: மாணவர் லேப்டாப், கேச், குக்கி – டர்பன் அனுபவங்கள்

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 12 வருடம் ஆகிறது, வீடு அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில். பகலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை. சனிக்கிழமை கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளைகளின் அண்ணன் அக்காமார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், "அங்கிள், லாகின் ஆக மாட்டேங்குது" என்பதுதான் பத்தில் ஏழு பேர் சொல்வது. பேசுவதெல்லாம் இங்கிலீஷில்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

போன வருடம் நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது என்னை ரொம்பவே வருத்திய விஷயம். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கும் பெண். அசைன்மென்ட் ஏற்ற இரவு 11:59 வரை நேரம், ஒன்பது மணிக்கு லாகின் பக்கம் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. பாஸ்வேர்டு போட்டால் உள்ளே போகிற மாதிரி போய்த் திரும்பவும் அதே லாகின் பக்கம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ "எல்லாத்தையும் கிளியர் பண்ணு, சரியாகிடும்" என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் குரோமைத் திறந்து, கால அளவில் ஆரம்பத்திலிருந்து எல்லாம் என்பதைத் தேர்ந்தெடுத்து, இருந்த அத்தனை கட்டங்களிலும் டிக் அடித்து அழித்துவிட்டாள். சேமித்த பாஸ்வேர்டுகளுக்கும் அதில் ஒரு கட்டம் இருந்தது. கூகுள் கணக்கோடு சிங்க் ஆகியிருந்ததால் லேப்டாப்பில் அழிந்தது போனிலும் அழிந்துவிட்டது. பாஸ்வேர்டு அவளுக்கு மனப்பாடம் கிடையாது, ஒரு வருடமாக பிரவுசர்தான் நிரப்பிக் கொடுத்திருக்கிறது. புதிய பாஸ்வேர்டு கேட்டால் லிங்க் பல்கலைக்கழக மெயிலுக்குப் போகும், அந்த மெயிலைத் திறக்கவும் அதே பாஸ்வேர்டுதான் வேண்டும். பதிவு செய்திருந்த போன் நம்பரோ பழைய சிம். உதவி மேசையில் வரிசையில் நின்று சரி செய்ய இரண்டு நாள் ஆனது, தாமதத்துக்கு மதிப்பெண் குறைத்தார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய கட்டுரை அது.

அவளுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரே ஒரு சைட்டின் குக்கியை எடுப்பது மட்டும்தான். இருபது விநாடி வேலை.

கேச், குக்கி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே எல்லோரும் சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கேச் என்பது வீட்டு அலமாரியில் வாங்கி வைத்த பலசரக்கு மாதிரி. ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓட வேண்டாம் என்று சைட்டின் படங்கள், எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பிரவுசர் உங்கள் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்கிறது. சைட்டைப் புதுப்பித்த பிறகும் பிரவுசர் பழைய சரக்கையே எடுத்தால் பட்டன் வேலை செய்யாது, பக்கம் கோணல்மாணலாகத் தெரியும். குக்கி அப்படி இல்லை, சைட் உங்கள் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும் சின்னக் குறிப்பு, கோவில் வாசலில் செருப்பு விட்டால் கொடுக்கிற டோக்கன் மாதிரி. 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுல்லி கொண்டு வந்த ஏற்பாடு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்கள் யாரென்று சைட் மறந்துபோகும். போன வாரத்து டோக்கனை நீட்டினால் செருப்புக்காரர் எப்படி விழிப்பாரோ அப்படித்தான் செல்லாத குக்கியோடு போனால் லாகின் பக்கம் சுற்றுகிறது, சில சமயம் அளவுக்கு மீறித் திருப்பிவிடப்பட்டது என்றோ 400 என்றோ பிழை வருகிறது.

அதனால் யார் லேப்டாப் கொண்டு வந்தாலும் நான் முதலில் எதையும் அழிக்க மாட்டேன். குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், N மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே சைட்டைத் திறப்பேன், அதில் பழைய குக்கி இருக்காது, பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களும் நாமாக அனுமதித்தால் ஒழிய ஓடாது. அங்கே சரியாகத் திறந்தால் கோளாறு நம் பிரவுசருக்குள்தான். அங்கேயும் திறக்கவில்லையென்றால் கேச் மேல் பழி போடக் கூடாது, சைட்டே படுத்திருக்கலாம், கடைசித் தேதி இரவுகளில் அது சகஜம். பக்கம் கோணலாக மட்டும் இருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், R சேர்த்து அழுத்தினால் போதும், அந்தப் பக்கத்தைப் புதிதாக இறக்கிக்கொள்ளும். லாகின் சுற்றினால் முகவரிக்கு இடது பக்கம் இருக்கும் சின்னத்தை, குரோமில் 2023 வரை பூட்டுப் படமாக இருந்ததே அதை, அழுத்தி அந்த சைட்டின் குக்கியையும் தரவையும் மட்டும் நீக்குவேன். ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த இடத்தில் ஒரு சின்னம் உண்டு. மற்ற சைட்டுகளின் லாகின், வாட்ஸ்அப் வெப், வங்கி எதுவும் கலையாது.

இன்னொன்று, டேட்டா. டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வரும் ஒரு பையன் வாரா வாரம் முழு கேச்சையும் துடைத்து வைப்பான், லேப்டாப் சுத்தமாக இருக்குமாம். துடைத்த பிறகு எல்லாப் பக்கத்தையும் முதலிலிருந்து இறக்க வேண்டும், பிரீபெய்டில் காசு கொடுத்து டேட்டா வாங்குகிறவர்களுக்கு அது வீண் செலவு. நிறுத்தச் சொன்னேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், அடுத்த பிள்ளைக்கு உதவும்.

* * *

அண்ணா, நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியா. மகன் 11-ஆம் வகுப்பு. எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. ஒரு பயிற்சிச் சைட்டில் பெரிய பெரிய விடைகளாக நான்கு நாள் எழுதி வைத்திருந்தான், மேலே "வரைவு சேமிக்கப்பட்டது" என்று காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பக்கம் திறக்கவில்லை, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து குக்கியும் சைட் தரவும் அழிக்கச் சொன்னேன். பக்கம் திறந்தது, விடைகள் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த வரைவு சைட்டின் சர்வருக்குப் போகவே இல்லை, பிரவுசருக்குள் அந்தச் சைட்டுக்கென்று இருக்கும் இடத்தில்தான் இருந்திருக்கிறது, சைட் தரவு என்று நாங்கள் அழித்தது அதைத்தான். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டான், எனக்குத்தான் தாங்கவில்லை. இப்போது எழுதுவதை எல்லாம் முதலில் வேர்டில் எழுதி, பிறகுதான் அங்கே ஒட்டுகிறான்.

* * *

பீட்டர்மாரிட்ஸ்பர்க், இரண்டாம் ஆண்டு மாணவன். வணக்கம் அண்ணா, அக்கா. என்னுடையது பழைய லேப்டாப், பேட்டரி செத்துவிட்டது, வயர் செருகினால்தான் ஓடும். 2023-ல் லோட்ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு, ஸ்டேஜ் 6 வரை போனபோது ஒரு நாளைக்குப் பல தடவை அப்படியே அணைந்துவிடும். ஒரு தடவை திரும்பப் போட்டதும் எந்த சைட்டைத் திறந்தாலும் உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பாக வந்தது. மூன்று நாள் கேச்சை அழித்தேன், குக்கியை அழித்தேன், பிரவுசரையே எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. லைப்ரரியில் இருந்த ஒரு அண்ணன் கீழே மூலையில் மணியைப் பார்த்தார், தேதி 2015 என்று இருந்தது. உள்ளே காசு மாதிரி வட்டமாக ஒரு சின்ன பேட்டரி உண்டாம், கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை அதுதான் ஓட்டுமாம், அதுவும் தீர்ந்துவிட்டது. உண்மையான சைட்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று காலம் இருக்கிறது, என் லேப்டாப் 2015-ல் நின்றுகொண்டு அது இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்திருக்கிறது. தேதியைத் திருத்தினேன், எல்லாம் திறந்தது.

* * *

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள், எல்லா சைட்டிலும் ஒரே பிழை வந்தால் முதலில் கடிகாரம் என்பதை நான் எழுத விட்டுவிட்டேன். அந்த வட்டப் பேட்டரியை மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை, பல பழைய லேப்டாப்பில் அடி மூடியைக் கழற்றினால் தெரியும்.

லெனேஷியா அக்கா, நீங்கள் சொன்னது என் கண்ணில் படாமல் இருந்த விஷயம். சைட் தரவை எடுக்கும் முன் எழுதியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று இனிமேல் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். பக்கம் கொஞ்சமாவது தெரிந்தால் எழுத்தைக் காப்பி செய்து வெளியே எடுத்துவிடலாம். உங்கள் மகனிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

இந்தச் சனிக்கிழமை கோவிலுக்கு லேப்டாப் கொண்டு வருகிறவர்கள் வருவதற்கு முன் உங்கள் கணக்கில் எந்தப் போன் நம்பர் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து, பழையதாக இருந்தால் மாற்றிவிட்டு வாருங்கள். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். சார்ஜரையும் மறக்காதீர்கள்.