ரீகாயில் ஸ்டார்ட்டரும் அதன் கயிறும்: தமிழில் என்ன பெயர்?

கடலூர் முதுநகரிலிருந்து

வணக்கம்.

சிறு பெட்ரோல் இன்ஜின் பராமரிப்புக் கையேட்டில் "அறுந்த கயிற்றை மாற்றுவது" என்ற பகுதி எழுதியாயிற்று. கயிறு என்பது, கையால் இழுத்து இன்ஜினைக் கிளப்பும் ரீகாயில் ஸ்டார்ட்டரின் கயிறு. புல்வெளி வெட்டும் இயந்திரத்தை முன்வைத்து எழுதியது. ஆனால் புதர் வெட்டும் பிரஷ் கட்டர், பவர் ஸ்பிரேயர், கரும்புக் கொல்லையில் களையெடுக்கும் பவர் வீடர், ஜெனரேட்டர், தானே புயலில் (30.12.2011) சாய்ந்த முந்திரியையும் பலாவையும் அறுத்த செயின் ரம்பம் என எல்லாவற்றிலும் இதே அமைப்புதான். ஆகவே இங்கே முடிவாகும் சொல் ஒரு இயந்திரத்தோடு நின்றுவிடாது.

பழக்கமில்லாதவர்களுக்காக உறுப்புகளைச் சொல்லிவிடுகிறேன். மூடிக்குள் ஒரு உருளை, அதன் பள்ளத்தில் சுற்றிய கயிறு. உருளைக்கு அடியில் பட்டையான எஃகுச் சுருள். அதன் வெளி நுனி மூடியிலும் உள் நுனி உருளையிலும் மாட்டியிருக்கும். உருளையின் முகத்தில் ஒன்றோ இரண்டோ பற்கள். கயிற்றை இழுத்தால் உருளை சுழலும். பற்கள் வெளியே விரிந்து, ஃபிளைவீலோடு (இன்ஜினின் கனத்த சுழல்சக்கரம்) சேர்ந்த கிண்ணத்தைப் பற்றி இன்ஜினைச் சுழற்றும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் கிண்ணத்தின் வேகம் உருளையின் வேகத்தை மிஞ்சுவதால் பற்கள் விலகிக்கொள்ளும். கை தளர்ந்தால் சுருள், உருளையைத் திருப்பிச் சுழற்றிக் கயிற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

வரைவில் போட்டிருப்பவை: கயிற்றுக்கு "இழுவைக் கயிறு", மொத்த அமைப்புக்குப் "பின்னுதைப்புத் துவக்கி", சுருளுக்குச் "சுருள்வில்", பல்லுக்கு "கவ்வி". எதிலும் எனக்கு நிறைவில்லை. பட்டறையில் எல்லோரும் "ரீகாயில்", "ஸ்டார்ட்டர் கயிறு" என்றே சொல்கிறார்கள். அதை அப்படியே வைக்கலாம் என்றாலும் சரி, காரணத்தோடு சொல்லுங்கள்.

வில்லியனூரிலிருந்து

"பின்னுதைப்பு" கூடவே கூடாது ஐயா. அது துப்பாக்கி சுட்டதும் தோளில் விழும் உதை. நம் இயந்திரத்திலும் உதை உண்டு. ஆனால் அது கோளாறு. அந்தப் பெயரைக் கோளாறுக்கு விட்டுவைக்க வேண்டும்.

கையேட்டில் அந்தக் கோளாறுக்கும் இடம் கொடுங்கள். கத்தி கல்லிலோ தென்னை வேரிலோ மோதி இன்ஜின் சட்டென்று நின்றால், கிராங்க்கையும் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஃபிளைவீலையும் பூட்டி வைத்திருக்கும் மென்மையான உலோகக் கீ வெட்டுப்படும். ஃபிளைவீல் சிறிது முன்னே நகர்ந்துவிடும். தீப்பொறியும் அந்த அளவுக்கு முந்தும். பிஸ்டன் மேலே வருவதற்குள் எரிந்துவிடுவதால் இன்ஜின் எதிர்ப்பக்கம் திரும்பி, கைப்பிடியைக் கையிலிருந்து பிடுங்கும். கத்தி போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே விளைவுதான். காரணம், இந்த வகை இன்ஜினில் கத்தியின் எடையும் சேர்ந்துதான் சுழற்சியைத் தாங்குகிறது. இதைப் பார்க்காமல் புதுக் கயிறு போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும். கயிற்றை மாற்றும் முன் கத்தி போல்ட்டையும் கீயையும் பார்க்கச் சொல்லி ஒரு வரி வேண்டும்.

"இழுவைக் கயிறு" என்பது பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் கயிறு. துறைமுகத்துக்காரர்களுக்கு இழுவைப் படகு, இழுவை மடி எல்லாம் தினசரிச் சொற்கள், குழப்பம் வரும். என் பரிந்துரை "சுண்டுகயிறு". சுண்டி இழுக்கிறோம், ஆகவே சுண்டுகயிறு. வினைத்தொகை என்பதால் நடுவில் "க்" வராது.

நெல்லிக்குப்பத்திலிருந்து

"சுண்டு" காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தப்பான பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும். எடுத்த எடுப்பிலேயே சுண்டினால், பல் விரிந்து கிண்ணத்தில் உட்காரும் முன்னே முழு வேகமும் அதன் நுனியில் விழும். நுனி உடையும், பிளாஸ்டிக் பல்லாக இருந்தால் தேயும். முதலில் மெல்ல இழுக்க வேண்டும். பல் பிடித்து, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்றின் எதிர்ப்பு) தட்டுகிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் வேகம். கயிறு முடியும்வரை இழுக்கவும் கூடாது. செய்முறையிலேயே ஒரு பாதிக்கு மட்டும் பொருந்தும் சொல்லைப் பெயராக வைப்பதா?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஹோண்டா கையேடுகளில் இதற்கு ரீகாயில் ஸ்டார்ட்டர் என்று பெயர். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கையேடுகளில் ரீவைண்ட் ஸ்டார்ட்டர், அதாவது திரும்பச் சுற்றிக்கொள்வது. இரண்டாவதுதான் நமக்கு வழி. இழுப்பது எந்தக் கயிற்றுக்கும் பொது. திரும்பச் சுற்றிக்கொள்வதுதான் இந்த அமைப்புக்கே உரிய வேலை. மொத்த அமைப்புக்கு "மீள்சுற்றுத் துவக்கி", சுருளுக்கு "மீள்சுருள்" என்று வைக்கலாம். "சுருள்வில்" என்றால் வாசகர் கார்பரேட்டர் ஸ்பிரிங், கிளட்ச் ஸ்பிரிங் போன்ற கம்பிச் சுருளை நினைப்பார். இங்கே இருப்பது கடிகாரச் சாவிச் சுருளைப் போன்ற பட்டை.

கயிறு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவதும் இந்தச் சுருள் விஷயத்தில்தான். கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வரைவில் இந்த இடம் இரண்டே வரியில் போகிறது, விரிவாக வேண்டும்:

பெட்ரோல் குழாயை மூடி, பிளக் கேப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். மூடியைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் மூன்று நான்கு சிறு போல்ட்கள். 8 அல்லது 10 மி.மீ. ஸ்பேனர் போதும். பழைய கயிறு அறுந்ததுமே சுருள் முழுக்கத் தளர்ந்திருக்கும். மிச்சக் கயிற்றையும் முடிச்சையும் எடுத்துவிட்டு, கயிறு இழுபடும்போது உருளை எந்தப் பக்கம் சுழலுமோ அதே பக்கம் கையால் சுழற்றி, சுருள் இறுகி நிற்கும்வரை கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு சுற்றுப் பின்னால் விட்டு, உருளையின் துளை மூடியின் வாய்க்கு (கயிறு வெளியே வரும் துளை) நேராக வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். கிரிப் பிளேயரால் உருளையை மூடியோடு கவ்விப் பிடித்துக்கொள்ளலாம். அல்லது விளிம்பு இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகலாம். இந்த நேரத்தில் கை நழுவினால் உருளை விரலைப் பதம் பார்க்கும். புதுக் கயிற்றை உருளைத் துளை வழியாகவும் வாய் வழியாகவும் கோத்து, உருளைப் பக்கம் எட்டு முடிச்சுப் போட்டு, முடிச்சு பள்ளத்துக்குள் அடங்கும்படி இழுத்து இறுக்க வேண்டும். மறுமுனையில் கைப்பிடியைக் கோத்து முடிச்சு. பிறகு பிளேயரைத் தளர்த்தி, கயிற்றைக் கையால் தடுத்தபடி மெல்ல உள்ளே விட வேண்டும்.

அந்த ஒரு சுற்றை விட்டுவைக்காவிட்டால், கயிறு முழுதும் வெளியே வரும் அதே நொடியில் சுருளும் முழுக்க இறுகிவிடும். அதற்கு மேல் போகும் இழுப்பை எல்லாம் சுருள் நுனியின் கொக்கி தாங்க வேண்டும், ஒடிந்துவிடும். ஒடிந்த சுருளை மாற்றுவது கயிறு மாற்றுவதைப் போல எளிதல்ல. உருளையைத் தூக்கும்போது சுருள் தெறித்துக் கண்ணிலோ முகத்திலோ வெட்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

பண்ருட்டியிலிருந்து

தனி மடலில் ஒருவர் "சுருக்குக்கயிறு" என்று எழுதியிருந்தார். வேண்டாம். சுருக்கு என்றால் தூக்குக்கயிறு. கடற்கரைப் பக்கம் சுருக்குமடி வலை.

கயிற்று அளவையும் சேருங்கள். பிரஷ் கட்டருக்கு 3 முதல் 3.5 மி.மீ. கனம், ஏறக்குறைய ஒரு மீட்டர். ஜெனரேட்டர், வாட்டர் பம்ப் இன்ஜின்களுக்கு 4 முதல் 5 மி.மீ. புல்வெளி இயந்திரத்தில் கைப்பிடி மேல்தண்டின் வளையம்வரை வருவதால் 2 மீட்டருக்கு மேல் வேண்டும். அறுந்த துண்டுகளைச் சேர்த்து அளந்து, முடிச்சுகளுக்கு ஒரு சாண் கூட்டிக்கொள்வதே சரி. கனம் கூடினால் உருளைப் பள்ளத்தில் அடங்காமல் மூடியில் உரசி இறுகும். நீளம் கூடினாலும் அப்படித்தான்.

மீன்பிடிச் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீலக் கயிறுகள் இதற்கு உதவாது. அவை பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன். முதலாவது 130 டிகிரியை ஒட்டியும் இரண்டாவது 165 டிகிரியை ஒட்டியும் உருகும். வாயில் உரசும் சூட்டிலேயே மேற்பரப்பு வழவழத்துப் பிரியும். பின்னல் நைலான் அல்லது பாலியஸ்டர்தான் வேண்டும். இவை 220 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோதான் உருகும். முறுக்குக் கயிறு நைலானாகவே இருந்தாலும் பிரி விட்டுக்கொள்ளும். வெட்டிய நுனியை லைட்டரில் உருக்கி, ஈரத்துணியால் உருட்டிக் கூராக்கினால் துளையில் எளிதாக நுழையும்.

லாஸ்பேட்டையிலிருந்து

"துவக்கி" பற்றி ஒரு எச்சரிக்கை. ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. அங்குள்ள வாசகர்களும் படிக்கப்போகும் கையேடு இது. பின்னுதைப்பை நீக்கிவிட்டுத் துவக்கை உள்ளே விடுவதில் பயனில்லை. "தொடக்கி" தவறில்லை, ஆனால் அலுவலக வாடை அடிக்கிறது. பட்டறையில் யாரும் சொல்லமாட்டார்கள். வண்டியைக் கிளப்பு, மிஷின் கிளம்பலை என்றுதான் நாள் முழுதும் பேசுகிறோம். அதிலிருந்தே எடுக்கலாமே: கயிற்றுக்குக் "கிளப்புகயிறு", அமைப்புக்கு "மீள்சுற்றுக் கிளப்பி". காபிக் கிளப்பு (அந்தக் காலத்துச் சிற்றுண்டிக் கடை) என்று யாராவது சொல்வார்கள்; இன்று அந்தப் பொருளில் வழங்குகிறவர் அரிது.

கிளப்புகயிறு என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. பழைய இன்ஜின்களில் வெட்டு வைத்த உருளையில் கயிற்றைச் சுற்றி இழுப்போம். இன்ஜின் கிளம்பியதும் கயிறு தனியே கையோடு வந்துவிடும். அங்கே சுருளே கிடையாது. அந்தக் கயிறும் கிளப்புகயிறுதான். அங்கே இல்லாதது மீள்சுற்றுக் கிளப்பி மட்டும்தான். இரண்டு சொல்லும் தனித்தனியே நிற்கின்றன.

பல்லுக்குக் "கவ்வி" சரியில்லை. கவ்வி என்றால் கிளாம்ப் என்று வேறு இடங்களில் புழங்குகிறது. "கொண்டி" வைக்கலாம். கதவுக் கொண்டி ஒரு பக்கம் விழுந்தால் பிடிக்கும், தூக்கினால் விடும். இதன் வேலையும் அதுதான். கொண்டிக்குக் கிரீஸ் தடவாதீர்கள் என்றும் எழுதுங்கள். புல்தூள் ஒட்டிக்கொண்டு கொண்டி விரியாமல் போகும்; கயிறு காற்றில் இழுப்பதுபோல் வெறுமனே வரும். சுருளுக்கு மட்டும் மெல்லிய பூச்சு. கடற்காற்றில் உப்பேறித் துருப்பிடிப்பதால் கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் அதை விடவே கூடாது.

கடலூர் முதுநகரிலிருந்து

கிளப்புகயிறு, மீள்சுற்றுக் கிளப்பி, மீள்சுருள், கொண்டி ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் "பட்டறையில் ரீகாயில் எனப்படும்" என்று சேர்த்துவிடலாம். கடையில் உதிரிப்பாகம் கேட்க அந்தச் சொல் தேவை. கோளாறுக்கு "எதிருதை".

சில பிரஷ் கட்டர்களில் உருளைக்கும் கிராங்க்குக்கும் நடுவே இன்னொரு சுருள் இருக்கிறது. கை இழுப்பைத் தன்னுள் வாங்கிவைத்து, கம்ப்ரஷனைத் தாண்டும் இடத்தில் ஒரேயடியாக விடும். அதற்கு "சேமிசுருள்" என்று போடுகிறேன். மீள்சுருள் என்று தனியே பெயர் வைத்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது.

புதுச் சொற்களோடு சரிபார்ப்புப் பத்தியை எழுதிப் பார்த்தேன். படிக்கும்போது எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்:

"கைப்பிடி வாயில் ஒட்டி நிற்க வேண்டும். தொங்கினால் மீள்சுருளின் இறுக்கம் போதவில்லை. இன்னும் ஒரு சுற்று ஏற்றுக. கிளப்புகயிற்றை முழுதும் இழுத்துப் பார்க்கையில் உருளை இன்னும் அரைச் சுற்றாவது சுழல வேண்டும். வாயின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க. சொரசொரப்பு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மழுப்புக. பழைய கயிறு அங்கேதான் அறுந்திருக்கும்."

வில்லியனூரிலிருந்து

சுண்டுகயிற்றை விட்டுக்கொடுக்கிறேன். நெல்லிக்குப்பத்தார் சொன்ன கொண்டிக் காரணம் சரியானது. "மெல்ல இழுத்து, தட்டியதும் சுண்டுக" என்று செய்முறையில் வினையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்புப் பத்தியில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. புல்வெளி இயந்திரத்தில் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் நிறுத்துப்பிடியை அழுத்தாமல் இழுத்தால் ஃபிளைவீல் பிரேக் பிடித்தபடியே இருக்கும். கயிறு கல்லாக நிற்கும். புதுக் கயிறு இறுகிவிட்டது என்று நினைத்து மூடியை மறுபடி கழற்றுவார்கள். பிடியை அழுத்தியும் அசையவில்லை என்றால், கத்தியைப் பார்க்க இயந்திரத்தைச் சாய்த்தபோது சிலிண்டருக்குள் எண்ணெய் இறங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையிலிருந்து முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு மெல்ல இழுத்தால் எண்ணெய் வெளியே வந்துவிடும். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதைக் கத்தி பார்க்கச் சொல்லும் இடத்திலேயே, பிளக் கேப்பைக் கழற்றச் சொல்லும் வரிக்கு அடுத்து வையுங்கள்.