நம் எம்.பி.யின் பிரியாவிடைக்குப் பழைய படங்களும் மூன்று பேரும் தேவை

வணக்கம். பல தவணைகள் நம் தொகுதிக்காக உழைத்த நாடாளுமன்ற உறுப்பினர் ஓய்வு பெறுகிறார். புளோக்கின் கீழ்த்தளத்தில் பாராட்டு நிகழ்ச்சி. நகர மன்ற அனுமதிக்கு எழுதியாயிற்று. மாலையும் பொன்னாடையும் ஒவ்வொன்று போதும். ஆளாளுக்குப் போர்த்தினால் மக்களோடு பேச அவருக்கு நேரம் இருக்காது. படப் பலகையும் வாழ்த்துமடலும்தான் அவர் மனதில் நிற்கும்.

மக்கள் சந்திப்பு, பொங்கல் விருந்து, வீடு வீடாக வந்த நாட்கள், எந்தப் படம் இருந்தாலும் தாருங்கள். கைப்பேசியில் பிடித்தால் விளக்கொளி பட்டு முகம் வெளுத்துவிடும், ஸ்கேன் செய்யுங்கள். 4x6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்தால் 12x18 வரை தெளிவாகப் பெரிதாக்கலாம். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் சுருங்கிப்போய் அச்சில் மங்கும். பின்பக்கம் தேதி எழுதியிருந்தால் அதையும் எடுங்கள்.

வாழ்த்துமடலுக்கு இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருள் தெரிந்தவர் ஒருவர் அவசரமாக வேண்டும். யூனிகோடில் தட்டிய தமிழை அப்படியே, மடலை அக்ரிலிக் பலகையில் செய்து தரும் கடைக்குக் கொடுத்தால், அங்குள்ள மென்பொருளில் கொம்பு இடம் மாறி, 'கொ'வில் வெற்று வட்டம் வந்து நிற்கும். எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் ஆகத் தரவேண்டும். மாற்றிய பிறகு திருத்த முடியாது, ஆகவே அதற்கு முன்பே மெய்ப்புப் பார்க்க இன்னொருவர்.

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் பழைய தமிழ் முரசு செய்திகளைத் தேடித் தரவும் யாராவது முன்வாருங்கள். அவர் பெயரைத் தமிழில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடுங்கள்.